ஏழை சொல்லும் அம்பலம் ஏறும்



"ஏழை சொல் அம்பலம் ஏறாது" என்பது நம் நாட்டுப் பழமொழி. ஊர்ப் பொதுவில் வழக்குப் பேசும்போது செல்வரும் செல்வாக்குடையவரும் சொல்வதே எடுபடும். எளியவன் சொல் திண்ணையோடு நின்றுவிடும் என்பது அதன் கருத்து. நாடுகள் கூடிப் பேசும் பேரம்பலத்திலும் இதே நியதிதானா? படை இல்லாத, பெரும் பொருள் இல்லாத ஒரு சிறிய நாடு, மனித உரிமையைத் தன் அயல்நாட்டுக் கொள்கையின் ஓர் அங்கமாகக் கொள்ள இயலுமா? கொண்டாலும் அதனால் யாருக்கேனும் பயன் உண்டா? இந்தக் கேள்விகளைப் பற்றிச் சிறிது நேரம் உங்களோடு சிந்திக்க விரும்புகிறேன்.

இந்தக் கேள்வி எனக்கு நூலகத்தில் எழுந்ததன்று. பெங்களூரில் நான் குடியிருக்கும் பீன்யாவில், ஒரு தேநீர்க் கடை வாசலில் எழுந்தது. பீன்யா தொழிற்சாலைகள் நிறைந்த பகுதி. நம் நேயர்களில் சிலருக்கேனும் அது தெரிந்திருக்கும். எங்கள் தெருவில் ஒரு லேத் பட்டறையில் வேலை செய்யும் நண்பர் ஒருவர் இருக்கிறார். தமிழர்; ஆனால் தமிழ்நாட்டில் பிறந்தவர் அல்லர். அவருடைய தாயார் இலங்கை மலைநாட்டில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். தலைமன்னாரில் கப்பல் ஏறி இராமேஸ்வரத்தில் இறங்கி, பிறகு கர்நாடகத்தில் தென் கன்னட மாவட்டத்துச் சுள்ளியா வட்டாரத்து ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டவர். அங்கே பிறந்த மகன் பிழைப்புத் தேடிப் பீன்யாவுக்கு வந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அவர் தம் தாயாரின் பழைய குடும்ப அட்டையை என்னிடம் காட்டினார். மடிப்புகளில் கிழிந்துபோன தாள். அதில் சில பெயர்கள். பெயர்களுக்கு மேலே ஓர் எண். "அம்மா ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லுவார்கள், சார். 'எங்கே போக விருப்பம் என்று எங்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை' என்பார்கள்" என்றார். சற்றுப் பொறுத்து, "நீங்கள் அரசாங்கக் காகிதங்களை மொழிபெயர்க்கிறவர். எந்த நாடாவது தனக்கு ஆதாயம் இல்லாமல் அடுத்த நாட்டு மனிதனுக்காகப் பேசியது உண்டா?" என்று கேட்டார். அன்று நான் சொன்ன பதில் எனக்கே நிறைவு தரவில்லை. அதன்பின் படித்ததையும் எண்ணியதையும் சேர்த்து இன்று கூறுகிறேன்.

முதலில் அந்த அட்டையின் கதையைச் சுருக்கமாகப் பார்ப்போம். 1948-ம் ஆண்டில் இலங்கை நிறைவேற்றிய குடியுரிமைச் சட்டத்தினால் மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளர்களில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவர் ஆயினர். 1964-ம் ஆண்டு அக்டோபர் 30-ம் நாள் லால்பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் புது டில்லியில் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டனர். நாடற்றோர் 9,75,000 பேர் எனக் கணக்கிடப்பட்டது. அவர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும். 3,00,000 பேரை இலங்கை ஏற்கும். எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசிக்கொள்ளலாம் என்பது உடன்பாடு. பத்து ஆண்டுகளுக்குப் பின், 1974-ல், அந்த எஞ்சியோரும் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர்.

இரு நாடுகளும் நல்லெண்ணத்தோடுதான் பேசின. நெடுநாள் சிக்கலைத் தீர்க்கவே முயன்றன. இதை நாம் மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த ஒப்பந்தத்தின் இலக்கணம் எத்தகையது என்று பாருங்கள்! அதில் எழுவாயாக இரண்டு அரசாங்கங்கள் நிற்கின்றன. மனிதர்கள் செயப்படுபொருளாகக் கிடக்கின்றனர். மொழிபெயர்ப்பாளன் கண்ணுக்கு இது உடனே புலப்படும். அரசுகளின் நலனை மட்டும் நிறுக்கும் அயல்நாட்டுக் கொள்கையில் மனிதன் எண்ணாக மாறிவிடுகிறான். மனித உரிமையைக் கருதும் கொள்கையோ ஒரே ஒரு கேள்வியை இடையே எழுப்புகிறது: "அவர்களைக் கேட்டீர்களா?" இன்று நான் சொல்ல வந்ததெல்லாம் இந்த ஒரு கேள்விக்குள் அடங்கும்.

எளியவர்க்காக நாடுகள் பேசிய வரலாறு நம்மிடமே உண்டு. 1946-ம் ஆண்டில் இந்தியா இன்னும் விடுதலை பெறவில்லை. ஆயினும் தென்னாப்பிரிக்காவில் இந்திய வம்சாவளியினருக்கு இழைக்கப்பட்ட அநீதியை ஐக்கிய நாடுகள் பொதுச் சபைக்கு அது கொண்டு சென்றது. அந்த மக்களில் பலர், 1860 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்து நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழர்களின் சந்ததியார். "இது எங்கள் உள்நாட்டு விவகாரம், பிறர் தலையிடக் கூடாது" என்று தென்னாப்பிரிக்கா வாதாடியது. விஜயலட்சுமி பண்டிட் தலைமையில் சென்ற நம் தூதுக்குழு அதை ஏற்கவில்லை. அவ்வாண்டு டிசம்பர் 8-ம் நாள் சபை இந்தியாவின் பக்கம் தீர்மானம் நிறைவேற்றியது. பேச்சோடு நில்லாமல் தென்னாப்பிரிக்காவுடன் வாணிபத்தையும் இந்தியா நிறுத்தியது. வாணிபத்தை நிறுத்தினால் தனக்கும் நட்டம் என்பது தெரிந்தே அவ்வாறு செய்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கொள்கைக்கு ஒரு விலை உண்டு என்பதற்கு மீண்டும் வருவோம்.

எனினும் இந்தியா பெரிய நாடு. அடிமைத்தளையில் இருந்தபோதும் அதன் சொல்லுக்கு ஒரு கனம் இருந்தது. உண்மையிலேயே சிறிய நாடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். தமிழர்க்கு அந்நியமல்லாத நாடு அது: இந்துமாக்கடலில் உள்ள மொரீஷியஸ்.

அதன் மொத்தப் பரப்பு ஏறத்தாழ 2,040 சதுர கிலோமீட்டர்; மக்கள் ஏறத்தாழ பன்னிரண்டரை லட்சம். பெங்களூர் மாநகரின் ஒரு பகுதிக்குக்கூட ஈடாகாத மக்கள்தொகை. அந்நாட்டுக்குத் தனியே இராணுவம் கிடையாது. காவல் படையே உண்டு. பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் போர்ட் லூயி நகரைக் கட்டப் புதுச்சேரிப் பக்கத்துக் கைவினைஞர்கள் அங்கே சென்றனர். பின்னர் 1834 முதல் ஒப்பந்தக் கூலிகளாகப் பீகாரிகளும் தமிழரும் தெலுங்கரும் மராத்தியரும் கப்பல் கப்பலாகச் சென்றனர். அவர்கள் கரையேறிய 'ஆப்பிரவாசி காட்' என்ற துறையை 2006-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. இன்றும் அந்நாட்டு ரூபாய்த் தாள்களில் தமிழ் எழுத்தைக் காணலாம். தைப்பூசம் அங்கே பொது விடுமுறை.

இந்தச் சிறு நாடு, 2012-ம் ஆண்டு மார்ச் மாதம் ஜெனீவாவில், ஐக்கிய நாடுகள் மனித உரிமை மன்றத்தில் ஓர் உறுப்பினராக அமர்ந்திருந்தது. 2009-ல் முடிந்த உள்நாட்டுப் போரைப் பற்றிப் பொறுப்புக் கூறும்படி இலங்கையைக் கோரும் தீர்மானம் வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரவு 24, எதிர்ப்பு 15, நடுநிலை 8. ஆதரித்த 24-ல் இந்தியா ஒன்று, மொரீஷியஸ் ஒன்று. அம்பலத்தில் நூற்று நாற்பது கோடியினர் வாழும் நாட்டுக்கும் ஒரு வாக்கு. பன்னிரண்டரை லட்சம் பேர் வாழும் தீவுக்கும் ஒரு வாக்கு. சிறு நாட்டின் முதற் கருவி இந்த வாக்கு.

இரண்டாவது கருவி இருக்கை. மறு ஆண்டு நவம்பர் மாதம் 15 முதல் 17 வரை கொழும்பில் காமன்வெல்த் நாட்டுத் தலைவர்களின் மாநாடு கூடுவதாக இருந்தது. மாநாட்டை நடத்தும் நாட்டின் தலைவரே அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குக் காமன்வெல்த்தின் தலைமைப் பொறுப்பை வகிப்பது மரபு. அதே 2013-ம் ஆண்டு மார்ச்சில்தான் காமன்வெல்த் தன் சாசனத்தை முறையாக வெளியிட்டிருந்தது. மனித உரிமை அதன் அடிப்படை நெறிகளுள் ஒன்று. சாசனத்தின் மை உலர்வதற்குள் அதைப் புறக்கணித்துக் கொழும்பில் கூடுவதா என்ற கேள்வி எழுந்தது. கனடாவின் பிரதமர் ஸ்டீவன் ஹார்ப்பர் தாம் செல்லப்போவதில்லை என அறிவித்தார். தமிழகச் சட்டமன்றம் இந்தியா முற்றாகப் புறக்கணிக்க வேண்டுமெனத் தீர்மானம் நிறைவேற்றியது. பிரதமர் மன்மோகன் சிங் தாம் செல்லாமல் வெளியுறவு அமைச்சரை அனுப்பினார்.

மாநாட்டுக்கு மூன்றே நாள் இருக்கையில், நவம்பர் 12-ம் நாள், மொரீஷியஸ் பிரதமர் நவீன் ராம்கூலம் தாமும் செல்வதில்லை என்று அறிவித்தார். இலங்கையில் மனித உரிமை நிலையில் போதிய முன்னேற்றம் இல்லை என்பதே அவர் கூறிய காரணம். அவர் தமிழர் அல்லர். பீகாரிலிருந்து சென்ற மரபினர். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கனடா செல்லாமல் இருந்ததால் கனடாவுக்கு இழப்பொன்றும் இல்லை. மொரீஷியஸ் நிலைமையோ வேறு. 2015-ல் கூடவிருந்த அடுத்த மாநாட்டை நடத்தும் பெருமை மொரீஷியஸுக்கே வாய்த்திருந்தது. ஒரு சிறு தீவில் ஐம்பதுக்கு மேற்பட்ட நாடுகளின் தலைவர்கள் கூடுவது எத்தகைய சிறப்பு என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. கொழும்பு செல்லாததோடு அந்த வாய்ப்பும் கைவிட்டுப் போயிற்று. 2015-ம் ஆண்டு மாநாடு மால்டாவில் நடந்தது.

1946-ல் இந்தியா வாணிபத்தை விலையாகக் கொடுத்தது. 2013-ல் மொரீஷியஸ் பெருமையை விலையாகக் கொடுத்தது. ஒரு நாடு கொள்கை என்று சொல்வது மெய்யா, மேடைப் பேச்சா என்று அறிய எனக்குத் தெரிந்த உரைகல் இது ஒன்றே: அதற்காக அந்நாடு எதையேனும் இழந்ததா?

"ராம்கூலத்துக்குத் தம் நாட்டுத் தமிழர் வாக்கின்மீது கண் இருந்திருக்காதா?" என்று சிலர் கேட்கலாம். இருந்திருக்கலாம். மக்களாட்சியில் வாக்காளர் மனச்சாட்சி அமைச்சர் மனச்சாட்சியாக மாறுவது குற்றமன்று. அதுவே மக்களாட்சியின் அழகு. வேறு சிலர், "வராமல் இருப்பதைவிட வந்து பேசுவதே மேல்" என்பர். இதுவும் தள்ளத்தக்க வாதமன்று. பிரிட்டிஷ் பிரதமர் டேவிட் கேமரன் கொழும்பு சென்றார். அங்கிருந்து யாழ்ப்பாணம் போய் மக்களைக் கண்டார். உலகப் பத்திரிகையாளரின் கண்களும் அவரோடு யாழ்ப்பாணம் சென்றன. ஆனால் பெரிய நாட்டுத் தலைவர் போகுமிடமெல்லாம் காமிராக்கள் போகும்; சிறு நாட்டுத் தலைவர் போனால் பத்தோடு பதினொன்றாக அமர்ந்துவிட்டு வரவேண்டியதுதான். அவருடைய வெற்று நாற்காலியே அவருடைய சொற்பொழிவு.

மூன்றாவது கருவி சொல். 2014-ம் ஆண்டு மார்ச்சில் ஜெனீவாவில் மீண்டும் ஒரு தீர்மானம் வந்தது. அமெரிக்கா, பிரிட்டன் ஆகிய பெரிய நாடுகளோடு மாண்டினீக்ரோ, மாசிடோனியா, மொரீஷியஸ் என்னும் சிறு நாடுகளும் சேர்ந்து அதைக் கொண்டுவந்தன. 2012-லும் 2013-லும் ஆதரித்து வாக்களித்த இந்தியா இம்முறை நடுநிலை வகித்தது. ஆதரவு 23, எதிர்ப்பு 12, நடுநிலை 12 எனத் தீர்மானம் நிறைவேறியது.

என் தொழிலில் வினைச்சொற்களை நிறுத்துப் பார்த்துப் பழக்கம். 2012-ம் ஆண்டுத் தீர்மானம், இலங்கை தன் சொந்த ஆணைக்குழு செய்த பரிந்துரைகளை நிறைவேற்றுமாறு அந்நாட்டு அரசை அழைத்தது. 2014-ம் ஆண்டுத் தீர்மானமோ, முழுமையான விசாரணையை மேற்கொள்ளும்படி மனித உரிமை ஆணையாளரையே கேட்டது. அழைப்பது வேறு, விசாரிப்பது வேறு. அந்த விசாரணையின் அறிக்கை 2015 செப்டம்பரில் வெளிவந்தது. அரசுப் படையினர், விடுதலைப் புலிகள் ஆகிய இரு தரப்பினர்மீதும் கூறப்பட்ட குற்றங்களை அது ஆராய்ந்தது. அறிக்கை வந்ததனால் மட்டும் காணாமற்போன மகன் வீடு திரும்பிவிடுவதில்லை. ஆனால் அவன் தாயிடம் ஒருவர் அமர்ந்து, "என்ன நடந்தது அம்மா?" என்று கேட்டு எழுதிக்கொண்டதற்கு ஓர் ஏடு இருக்கிறது. அவ்வேட்டின் முதற்பக்கத்தைத் திறந்து வைத்த கைகளில் ஒன்று மொரீஷியஸின் கை.

நான்காவது கருவி நீதிமன்றம். ஆப்பிரிக்கப் பெருநிலத்திலேயே மிகச் சிறிய நாடு காம்பியா. மியான்மரின் ரோஹிங்கியா மக்களுக்கும் அதற்கும் இடையே கடல்களும் கண்டங்களும் இருக்கின்றன. ஆயினும் 2019 நவம்பரில் அது ஹேக் நகரத்துச் சர்வதேச நீதிமன்றத்தில் மியான்மர்மீது இனப்படுகொலை வழக்குத் தொடர்ந்தது. 2020 ஜனவரி 23-ம் நாள், அம்மக்களைக் காக்க நடவடிக்கை எடுக்கும்படி மியான்மருக்கு நீதிபதிகள் ஒருமனதாக இடைக்கால ஆணை பிறப்பித்தனர். ஏழை சொல் அம்பலம் ஏறிற்றா இல்லையா?

ஆயின், சிறு நாடுகள் எல்லாம் அறச்செல்வர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. மொரீஷியஸையே மீண்டும் பார்ப்போம். அதற்கு விடுதலை தருமுன், 1965-ல், பிரிட்டன் சாகோஸ் தீவுக்கூட்டத்தை அதிலிருந்து பிரித்து எடுத்துக்கொண்டது. டீகோ கார்சியாவில் அமெரிக்கப் படைத்தளம் அமைப்பதற்காக, 1968-க்கும் 1973-க்கும் இடையே அங்கிருந்த மக்கள் அனைவரும் வெளியேற்றப்பட்டனர். மொரீஷியஸ் பல ஆண்டுகள் சளைக்காமல் போராடியது. 2019 பிப்ரவரி 25-ம் நாள், மொரீஷியஸின் காலனி நீக்கம் சட்டப்படி நிறைவுற்றதன்று எனச் சர்வதேச நீதிமன்றம் கருத்துரைத்தது. அவ்வாண்டு மே மாதம் பொதுச் சபையில் 116 நாடுகள் மொரீஷியஸை ஆதரித்தன. எதிர்த்தவை ஆறே நாடுகள். 2025 மே 22-ம் நாள், தீவுகளின் ஆட்சியுரிமையை மொரீஷியஸுக்குத் தரவும், டீகோ கார்சியாவை 99 ஆண்டுகளுக்குப் பிரிட்டன் தன் பொறுப்பில் வைத்துக்கொள்ளவும் இரு நாடுகளும் உடன்படிக்கையில் கையொப்பமிட்டன. சட்டத்தின் துணையால் சிறியவன் பெரியவனை வென்றதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஆனால் அந்த நாளிலும், தீவுகளிலிருந்து விரட்டப்பட்ட மக்களில் பலர் எழுந்து நின்று, "எங்களைப் பற்றி நீங்கள் இருவரும் பேசினீர்கள், எங்களைக் கேட்டீர்களா?" என்றனர். நேயர்களே, அந்தக் குரல் எனக்குப் புதிதாக ஒலிக்கவில்லை. பீன்யாவின் தேநீர்க் கடை வாசலில், மடித்துக் கிழிந்த அட்டையிலிருந்து நான் கேட்ட அதே குரல்தான் அது. அடுத்த வீட்டு ஏழைக்காகத் தன் பெருமையை விட்டுக்கொடுத்த நாடு, தன் வீட்டு ஏழையிடம் அதே கேள்வியைக் கேட்க வேண்டும் என்று நாம் எதிர்பார்ப்பதில் தவறில்லை. பிறருக்கு ஏந்திய துலாக்கோலைத் தனக்கும் ஏந்துவதுதான் கொள்கை. இல்லையேல் அது வெறும் சமயசஞ்சீவி.

அப்படியானால் சிறு நாடுகள் ஏன் இந்த வழியில் செல்ல வேண்டும்? கருணையினால் மட்டுமன்று; தம் பாதுகாப்புக்காகவும்தான். படை உள்ளவனுக்குச் சட்டம் ஓர் அணிகலன்; படை இல்லாதவனுக்குச் சட்டமே கோட்டை. மியான்மரில் சட்டம் செல்லுபடியாகாது என்று ஒப்புக்கொண்டால், நாளை காம்பியாவிலும் அது செல்லுபடியாகாது. கொழும்பில் சாசனத்தை மறந்தால், சாகோஸுக்காக அதே உலகச் சட்டத்தின் பெயரால் முறையிட மொரீஷியஸுக்கு வாய் எழாது. பிறர் உரிமைக்காகப் பேசும்போது சிறு நாடு தன் மதிற்சுவருக்கும் ஒரு கல் எடுத்து வைக்கிறது.

தமிழகத்துக்கு வெளியே பிற மாநிலங்களில் வாழும் நமக்கு இது எளிதில் விளங்கும். நாம் வாழும் ஊரில் நம் எண்ணிக்கை சிறிது. நம் பாதுகாப்பு நம் தொகையில் இல்லை. எல்லோருக்கும் பொதுவான சட்டத்திலும், பக்கத்து வீட்டார் நெஞ்சிலும் இருக்கிறது. நம்மினும் சிறியவருக்கு அச்சட்டம் மறுக்கப்படும்போது வாய் மூடி இருந்தால், நம் முறை வரும்போது யார் வாய் திறப்பார்? பீன்யாவுக்கு வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் பிழைக்க வரும் இளைஞன் இன்று நம்மினும் எளியவன். அவனுக்குக் கூலி குறைத்துக் கொடுக்கப்படும்போது நாம் என்ன சொல்கிறோம் என்பதும் ஒரு வகையில் நம் அயல்நாட்டுக் கொள்கையே.

இவற்றையெல்லாம் என் நண்பரிடம் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்படியானால் 1964-ல் அம்மாவுக்காகப் பேச ஒரு மொரீஷியஸ் இல்லாமல் போயிற்றே, சார்" என்றார். அப்போது மொரீஷியஸே விடுதலை பெற்றிருக்கவில்லை; அது சுதந்திரம் அடைந்தது 1968-ம் ஆண்டு மார்ச் 12-ம் நாள். இலங்கையில் எஞ்சியிருந்த நாடற்றோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் வந்ததோ 2003-ல். முதற் சட்டத்துக்கும் அதற்கும் இடையே ஐம்பத்தைந்து ஆண்டுகள். ஓர் ஆயுளின் பெரும்பகுதி.

ஏழை சொல் அம்பலம் ஏறாது என்று முன்னோர் சொன்னது அவர்கள் கண்ட உலகியல்பு. அது விதி அன்று. ஏழைக்குப் பக்கத்தில் இன்னொரு ஏழை எழுந்து நின்று, "முதலில் இவரைக் கேளுங்கள்" என்று சொன்னால், அந்தச் சொல்லும் அம்பலம் ஏறும். ஏறுவதற்குக் காலம் ஆகலாம். சொல்பவர் சிலவற்றை இழக்கவும் நேரலாம். ஆனால் அந்தக் கேள்வியை ஒருமுறை அம்பலம் கேட்டுவிட்டால், கேட்காததுபோல் அது மீண்டும் நடந்துகொள்வது கடினம்.